கிறிஸ்துகுல ஆசிரமம்

கிறிஸ்துகுல ஆசிரமம்: கிறிஸ்துவின் சீடராக முழு வாழ்வையும் ஒப்படைக்க விரும்பியோருக்காக 1921-இல் திருப்பத்தூரில் (அன்றைய வட ஆர்க்காடு மாவட்டம்) நிறுவப்பட்ட சீர்திருத்தக் கிறிஸ்தவ ஆசிரமம். இந்தியாவில் இவ்வகையில் முதலாவது எனப் பலர் குறிப்பிடுவர். எனினும் மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலக் சத்தாராவில் முன்னரே இத்தகைய முயற்சியைத் தொடங்கியிருந்தார்.

நிறுவனர் இருவரும் மருத்துவர்கள்: தமிழரான சவரிராயன் ஏசுதாசன், ஸ்காட்லாந்தின் செல்வக் குடும்பத்தில் பிறந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஆசிரமத்தில் முன்னவர் பெரியண்ணன் என்றும் பின்னவர் சின்னண்ணன் என்றும் அழைக்கப்பட்டனர். வெள்ளையர் தலைமையேற்பதே வழக்கமாயிருந்த மிஷன் உலகில் இம்முறைப்பெயர்களின் வரிசை கவனத்திற்குரியது.

முழுநேர உறுப்பினர் மணம் புரியவில்லை; ஊதியம் பெறவில்லை. கதர் உடை, எளிய உணவு, கூட்டு வழிபாடு, நோயாளர் பணி ஆகியவை அன்றாட ஒழுங்காயிருந்தன. சீடத்துவம் இங்கு போதனையாக அன்றி, சொத்தையும் குடும்ப வாழ்வையும் துறக்கும் நடைமுறையாகக் கொள்ளப்பட்டது. ஜெபாலயம் எனப்படும் வழிபாட்டிடம் கோபுரத்துடன் திராவிடக் கோயிற் பாணியில் அமைந்தது.

நிறுவனர்கள் காந்திய இயக்கத்தின்பால் பரிவு கொண்டிருந்தனர். 1932-இல், அந்நியத் துணிப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில், கதர் அணிந்து சென்னைத் தெருவில் நின்ற பேட்டனைக் காவலர்கள் தாக்கினர். அந்நிகழ்வு குறித்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுப்பப்பட்டது. கிறிஸ்தவ ஆசிரமங்களுள், கத்தோலிக்கர் குளித்தலை அருகே தொடங்கிய சாந்திவனம் (1950) கிறிஸ்துகுல ஆசிரமத்திற்குப் பிற்பட்டது.