கடைசிப் பந்திக்கு முன்

மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல்லைப் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்போம். சித்திரை, வைகாசியில் நட்டு, ஆடி, ஆவணியில் அறுக்கும் சொர்ணவாரிப் பட்டம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து உழவர்களுக்கு நன்கு பழகியது. களத்திலிருந்து ஆலைக்குப் போன நெல் அரிசியாகி, 25 கிலோ சிப்பமாகக் கட்டப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு திருமண மண்டபத்தின் சமையற்கட்டில் வந்து இறங்குகிறது. எந்த மண்டபம் என்று பெயர் சொல்லத் தேவையில்லை. முகூர்த்த நாள்களில் இந்தச் சாலை நெடுக நடப்பதைத்தான் சொல்கிறேன்.

25 கிலோ அரிசிக்குக் குறைந்தது 37 கிலோ நெல் வேண்டும். மழைநீரும் பாசனநீரும் சேர்த்து, ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரியாக 2,500 லிட்டர் செலவாகிறது என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. அப்படியானால் ஒரு சிப்பத்துக்குள் இருப்பது தொண்ணூறாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஏழெட்டில் நிரப்பலாம். கோடையில் டேங்கருக்குக் காத்திருக்கும் இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு அதன் மதிப்பை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம். மண்டபங்களுக்குப் பக்கத்திலேயே, நெம்மேலியில், 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனில் தொடங்கியது. அது போதாமல் 2024இல் 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னோர் ஆலையும் வந்தது. கடலைக் காய்ச்சாத குறையாக நீர் எடுக்கும் ஊரில், வடித்த சோற்றைக் குழி தோண்டிப் புதைக்கிறோம்.

மண்டபத்துச் சமையற்காரர்கள் ஆள் எண்ணிக்கை பேசமாட்டார்கள். இலைக் கணக்குத்தான். ஐந்நூறு இலை என்று பெண் வீட்டார் சொன்னால், மாஸ்டர் மனதுக்குள் ஐம்பது கூட்டிக்கொள்வார். பந்தியில் சோறு தட்டிப்போனால் அந்தக் குடும்பத்துக்கு ஆயுளுக்கும் பேச்சு. மாஸ்டருக்கு அடுத்த வேலை கிடைக்காது. அன்றைக்கென்று மாலையில் மழை பிடித்துக்கொள்ளும். சென்னையிலிருந்து வர வேண்டியவர்கள் வழியில் அக்கரை என்ற இடத்திலேயே போக்குவரத்தில் மாட்டிக்கொள்வார்கள். வந்தவர்களிலும் பாதிப்பேர் மொய் எழுதிவிட்டு, ஐஸ்கிரீமோடு கிளம்பிவிடுவார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பார்த்தால், ஓர் அண்டா சோறும் அரை அண்டா சாம்பாரும் கரண்டி படாமல் இருக்கும். யாருடைய அகந்தையாலும் இது மிஞ்சவில்லை. விருந்தினர் பசியோடு போகக்கூடாது என்ற நல்ல அச்சத்தால் மிஞ்சியது.

இந்த இடத்தில் அந்தச் சோற்றுக்கு இரண்டு வழிகள் பிரிகின்றன. எந்த வழியில் போகும் என்பதை ஒரு தொலைபேசி அழைப்பு தீர்மானிக்கிறது.

பத்மநாபன் கோபாலனும் நண்பர்களும் 2014 அக்டோபரில் கோயம்புத்தூரில் 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பைத் தொடங்கினார்கள். பின்னர் அது சென்னைக்கும் வந்தது. அழைப்பு வந்தால் என்ன உணவு, எத்தனை பேருக்கு வரும், எப்போது சமைத்தது என்று கேட்டறிந்து, வந்து எடுத்துக்கொண்டு, பசி உள்ள இடத்துக்குக் கொண்டுபோவது அவர்கள் வேலை. கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்கும் திருவான்மியூருக்கு வடக்கே, பெசன்ட் நகரில், பல் மருத்துவர் ஐசா ஃபாத்திமா ஜாஸ்மின் 2017இல் 'ஐயமிட்டு உண்' என்ற பெயரில் பொதுக் குளிர்பெட்டி ஒன்றை வைத்தார். வேண்டியவர் வந்து எடுத்துக்கொள்ளலாம். யாரும் கையேந்தி நிற்க வேண்டாம். வீட்டில் மீந்த நான்கு பொட்டலத்துக்கு அந்தப் பெட்டி போதும். மண்டபத்து அண்டாவுக்கு வண்டிதான் வேண்டும்.

அண்டாவில் உள்ள எல்லாமே பயணத்தைத் தாங்காது. தேங்காய்ச் சட்னியும் தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் முதலில் கெடும். புளியோதரை அதிக நேரம் நிற்கும். வெறும் சோறு பார்க்கச் சாது. உண்மையில் அதுதான் கவனிக்க வேண்டியது. அரிசியோடு வரும் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தங்கும். சோறு மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். அவை கக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆழமான அண்டாவில் மூடிவைத்த சோற்றின் நடுப்பகுதி மணிக்கணக்கில் அந்த வெதுவெதுப்பிலேயே கிடக்கும். ஆகவே நன்றாகச் சூடாகவே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அகலமான தட்டுகளில் பரப்பிச் சீக்கிரம் ஆற்றிக் குளிரவைக்க வேண்டும். மிகையுணவை மீட்டுப் பகிர்வதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் வகுத்த 2019ஆம் ஆண்டு விதிமுறைகள் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளன. இலையில் விழுந்தது, விருந்தினர் கை பட்டது எதுவும் இந்த வண்டியில் ஏறக்கூடாது. அது உரக்குழிக்கோ சாண எரிவாயுக் கலனுக்கோ உரியது. ஏழைக்குத்தானே என்று தரத்தில் விட்டுக்கொடுப்பவர் தர்மம் செய்யவில்லை.

யார் சாப்பிடுவார்கள்? தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். பிறகு பசி எங்கே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இங்கே இரவுப் பசி பெரும்பாலும் அடுப்பு இல்லாதவர்களின் பசி. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் போனால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. உள்நோயாளிக்கு அங்கே சாப்பாடு உண்டு. கூட வந்த மனைவிக்கோ அம்மாவுக்கோ கிடையாது. அவர்கள் வீட்டில் அரிசி இருக்கிறது, வீடு எங்கோ இருக்கிறது. கேளம்பாக்கம், சிறுசேரிக் கட்டடங்களில் தகரக்கொட்டகையில் தங்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள், செங்கல்சூளைக் குடும்பங்கள், தனியாகிவிட்ட முதியவர்கள் நிலையும் ஏறத்தாழ இதுவே. வெந்த சோறு ஒரு வேளை வந்தால், அந்த அம்மாவின் கையில் இருக்கும் நூறு ரூபாய் மறுநாள் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு மிஞ்சும்.

அழைப்பு போகாவிட்டால் சோறு எச்சில் இலையோடும் பிளாஸ்டிக் டம்ளரோடும் ஒரே பையில் ஏறிக் குப்பைமேட்டுக்குப் போகிறது. காற்றுப் புகாத அடுக்கில் அழுகி மீத்தேனாகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல் வெப்பம் கூட்டும் வாயு அது. நீர் தேங்கிய நெல்வயலும் மீத்தேனை விடுகிறது. ஆகவே வீணான சோறு ஒரே பாவத்தை இரண்டு முறை செய்கிறது. 2022 ஏப்ரல் இறுதியில் சென்னையின் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. அதே ஆண்டில்தான் அதை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்த ஆண்டு உலகம் முழுவதும் வீடு, கடை, உணவகங்களில் 105 கோடி டன் உணவு வீணானது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது.

விளைந்ததைப் பங்கிடுவதில் செங்கல்பட்டுக்குப் பழைய அனுபவம் உண்டு. 1767 முதல் 1774 வரை ஆங்கிலேயப் பொறியாளர் தாமஸ் பர்னார்ட் இந்தச் சீமையின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து பதிவு செய்தார். களத்தில் நெல் குவிந்ததும், அரசும் உழவரும் பங்கு பிரிக்கும் முன்பே, ஏரிப் பராமரிப்புக்கும் கோயிலுக்கும் தச்சர், கொல்லர், குயவர், வண்ணாருக்கும் பங்கு தனியாக ஒதுக்கப்பட்டதை அந்தக் காலப் பதிவுகள் காட்டுகின்றன. ஜிதேந்திர பஜாஜும் எம்.டி. சீனிவாஸும் 1996இல் எழுதிய 'அன்னம் பஹு குர்வீத' நூல் இந்தப் பதிவுகளை விரிவாகப் பேசுகிறது. சாதி ஏற்றத்தாழ்வு நிறைந்த ஏற்பாடு அது. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. பங்கை முதலிலேயே எடுத்து வைத்தார்கள் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளலாம். நாமோ கடைசிப் பந்தி முடிந்து, பாத்திரம் கழுவும் நேரத்தில், பதினொரு மணிக்கு அழைக்கிறோம். வண்டி வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரும் வெறும் வயிற்றோடு தூங்கியிருப்பார்கள், சாம்பாரும் புளித்திருக்கும்.

ஆகவே, வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் வாரத்திலேயே உங்கள் பக்கத்தில் மிகையுணவு எடுப்பவர்கள் யாரென்று விசாரித்து, தேதியைச் சொல்லி வையுங்கள். மண்டப மேலாளரிடமும் சமையல் மாஸ்டரிடமும் அந்த எண்ணைக் கொடுங்கள். இரவு எட்டரை மணிக்கு இலையை எண்ணிப் பார்க்க ஒரு சித்தப்பாவையோ மாமாவையோ நிறுத்துங்கள். மிஞ்சும் என்று தெரிந்ததும், அண்டா இன்னும் அடுப்பில் சூடாக இருக்கும்போதே, அவர் போன் செய்யட்டும்.