வருக்கையும் கூழனும்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்த சிற்றூர் அமரவிளை. 1956 நவம்பர் 1 ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி திருத்தி அமைக்கப்பெற்றபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு ஆட்சியைப் பிரித்ததேயன்றி, வீட்டுப் புரையிடங்களில் நின்ற பலாவைப் பிரிக்கவில்லை. இருபுறத்தும் அதன் பழம் 'சக்கை'யே. அதன் வகைகளும் வருக்கை, கூழன் என்னும் இரண்டே.

வருக்கையின் சுளை தடித்துக் கடிப்பதற்கு உறுதியாய் இருக்கும். பழத்தைப் பிளக்கக் கத்தி வேண்டும். கூழனோ கையாலேயே பிளந்துவிடும். சுளை குழைந்து வழுக்கிச் செல்லும்.

இப்பகுப்பு மிகப் பழைமையானது. 1355 இல் நிறைவுற்ற தம் பயண நூலில் இபின் பதூதா 'ஷக்கி', 'பர்க்கி' என இரு பெயர்களைக் குறித்துள்ளார். தரையை ஒட்டிக் காய்ப்பது பர்க்கி என்றும், அதுவே சுவை மிக்கது என்றும் அவர் கருதினார். காய்க்கும் இடத்தைக் கொண்டு வகை பிரித்தது பொருந்தாதாயினும், பர்க்கி என்பது நம் வருக்கையே என அறிஞர் கொள்வர். 1563 இல் கோவாவில் அச்சேறிய கார்சியா த ஓர்த்தாவின் நூலிலும் உயர்ந்த வகைக்குப் 'பார்க்கா' என்னும் பெயரே காணப்படுகிறது.

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பலா என்றொரு மரம் போற்றப்படுகிறது. பகைவர் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்டவர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது செவிவழிச் செய்தி. பின்னர் அவர் 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்டார். மரத்தின் பொந்து வரலாற்றில் இடம்பெற்றது. அதன் சுளை வருக்கையா, கூழனா என்பதைக் கதை சொல்லவில்லை.

வீட்டு மரத்திற்கோ சுளையே பெருமை. இங்கே நாம் ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். பலா அயல் மகரந்தத்தால் கருவுறுவது. ஆதலின், நல்ல வருக்கையின் கொட்டையை நட்டாலும் கூழன் முளைத்தல் கூடும். அதனை அறிய ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒட்டுக்கன்றோ தாய்மரத்தின் குணத்தை மாறாது தருவதோடு, மூன்று நான்கு ஆண்டுகளிலேயே காய்க்கவும் தொடங்கும்.

கல்குளம் வட்டத்து முளகுமூட்டுப் பலாவினின்று தேர்ந்தெடுக்கப்பெற்ற 'பேச்சிப்பாறை 1' என்னும் வகையை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1996 இல் வெளியிட்டது. இஃது ஆண்டில் இருமுறை காய்ப்பது. ஊரார் சுவைத்து மதித்து வந்த மரமே இவ்வாறு பெயர் பெற்ற வகையாயிற்று.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மிற் பலர் ஊரிலிருந்து பலாக்கொட்டையைப் பொதிந்து வருகிறோம். அக்கொட்டை ஒரு மாதத்திற்குள் முளைப்புத்திறன் இழக்கும். முளைத்தாலும் உறைபனி விழும் வட நகரங்களில் இளங்கன்று தாங்காது. தாங்கினும் நாம் உண்டு வளர்ந்த அந்த மரம் அதில் வாராது. ஆகவே, ஊரிலுள்ள புரையிடத்தைப் பங்கிடுமுன், விற்குமுன், நல்ல வருக்கை அங்கே நிற்குமாயின், அதன் கிளையில் ஓர் ஒட்டுக்கன்று எடுத்து உறவினர் தோட்டத்திலேனும் நட்டு வைப்போமாக. வெட்டிய மரத்தின் சுவையைக் கொட்டை காத்துத் தராது.