தட்டிற்குள் அடங்கிய வீணை



சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் பெருவழியில், கிழக்கே சில கல் தொலைவில் உள்ளது அயோத்தியாப்பட்டணம். இலங்கையினின்று மீண்ட இராமபிரான் ஈண்டுத் தங்கி முடிசூடினான் என்பது ஊரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. கோதண்டராமர் திருக்கோயிலே அதற்குச் சான்று என்பர். வரலாற்றாசிரியர் அதனை ஏற்பரோ மறுப்பரோ, அது வேறு வழக்கு. நான் இன்று பேசப் புகுவது, அவ்வூரில் என் தாய்மாமன் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சிற்றறையில் இருந்த ஒரு பெட்டியைப் பற்றியதாகும்.

அது கைப்பிடி கொண்டு விசை முறுக்கும் கிராமபோன் பெட்டி. அதனருகே, மரப் பேழை ஒன்றில், ஏறத்தாழ நாற்பது இசைத்தட்டுகள் செங்குத்தாக அடுக்கப்பட்டிருந்தன. மாலை விளக்கேற்றிய பின் மாமா ஒரு தட்டை எடுத்து, மெல்லிய துணியால் துடைத்து, புதிய ஊசி ஒன்றைப் பொருத்துவார். சிறுவர்களாகிய எங்களுக்கு அங்கே அமர இசைவு உண்டு. பேச இசைவு இல்லை. மூன்று நிமிடங்களில் பாட்டு முடிந்துவிடும். பிறகு கரகரவென்னும் ஒலி. மறுபடியும் விசை முறுக்குதல்.

அத்தட்டுகள் எங்கிருந்து வந்தன என்பது பெரிய வரலாறு. 1902-ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பொறியாளர் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவிற்கு வந்து, கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். மெழுகில் பதித்த மூலங்கள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று, அரக்குத் தட்டுகளாக மீண்டு வந்தன. அங்குள்ள தொழிலாளர்க்கு நம் மொழி தெரியாதன்றோ? ஆகவே, பாடியவரே பாட்டின் முடிவில் தம் பெயரை உரக்கச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. பழைய தட்டுகளின் இறுதியில் கேட்கும் அந்தப் பெயர்க்குரலைப் பலர் செருக்கு என்று கருதினர். அது வெறும் சரக்கு அடையாளமே.

தென்னாட்டிலும் பதிவுகள் தொடங்கின. ஆடவராகிய பெருவித்துவான்கள் பலர், குரல் போய்விடும் என்ற அச்சத்தாலோ மதிப்புக் குன்றும் என்ற எண்ணத்தாலோ, தயங்கி நின்றனர். முன்வந்தவர் பெரும்பாலும் பெண்டிரே. காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர் தாயி ஆகியோர் அவ்வரிசையில் நிற்பவர்கள். நம் மாவட்டத்திற்கு உரிமையுள்ள பெயரும் அதில் உண்டு: சேலம் கோதாவரி. ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சுமந்து அந்த அம்மையார் தொலைவிடங்களுக்கெல்லாம் சென்றார். இன்று சேலத்துக் கடைவீதியில் அவர் பெயரைச் சொன்னால் தலை அசைப்பார் எத்தனை பேர் இருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

கோயம்புத்தூர் தாயியின் தட்டு ஒன்று செய்த பயணமோ வியப்பிற்குரியது. இசைமேதை ராவெலின் மாணவராகிய மோரீஸ் தெலாழ் என்னும் பிரெஞ்சுக்காரர் 1912-இல் இந்தியாவிற்கு வந்தார். வள்ளலார் பாடலை இராகமாலிகையாகத் தாயி பாடிய இசைத்தட்டு அவரை ஆட்கொண்டது. அதனை ஏறக்குறையச் சுரத்துக்குச் சுரம் பின்பற்றி, ‘ராகமாலிகா’ என்னும் பெயராலேயே பாட்டொன்று அமைத்தார். சுருதியின் ஓசை வேண்டிப் பியானோவின் நரம்பொன்றின் அடியில் அட்டைத் துண்டைச் செருகும்படி அதில் குறித்திருக்கின்றார். கொங்கு நாட்டுக் குரல் ஒன்றைப் பாரிஸ் நகரம் இவ்வாறு கேட்டது.

இனி நரம்பிசைக்கு வருவோம். தொடக்ககாலப் பதிவில் ஒலிவாங்கி கிடையாது. பாடுவோர் ஒரு பெரிய கொம்புக் குழலின் வாயில் முகத்தை வைத்து உரக்கப் பாடுவர். அவ்வொலியின் விசையே மென்தகட்டை அசைத்து, ஊசியால் மெழுகைக் கீறும். உரத்த குரலுக்கு இது போதும். பலாமரக் குடத்தில் எழும் வீணையொலிக்கோ இது பெருந்தடை. வீணையின் உயிர் நரம்பை மீட்டும் கணத்தில் மட்டும் இல்லை. மீட்டிய பின், அந்நரம்பை மெட்டின்மேல் இழுத்து, தேய்ந்துகொண்டே செல்லும் ஒலியில் கமகத்தை வரைவதில் இருக்கிறது. அந்தத் தேயும் ஒலியையே கொம்புக் குழல் இழந்துவிடும்.

மேனாட்டுக் கித்தாருக்கும் இதே இடர்தான். 1925-இல் மின்பதிவு முறை வந்தது. ஒலிவாங்கி மெல்லிய ஓசையையும் பற்றியது. ஸ்பெயின் நாட்டின் ஆண்ட்ரெஸ் செகோவியா 1927-இல் இலண்டன் கம்பெனிக்காக வாசித்த பாக், சோர் ஆகியோரின் இசை தட்டாக வந்தது. அடுத்த ஆண்டிலேயே தம் காலத்தவராகிய டுரீனாவின் புதிய படைப்பையும் அவர் பதிந்தார். மதுக்கடைக் கருவி என்று இகழப்பட்ட கித்தாருக்குச் செவ்விசைக் கருவியென்ற பெயர் உலகெங்கும் பரவியதில் அத்தட்டுகளின் பங்கு சிறிதன்று. அவற்றைக் கேட்ட இளைஞர் கற்றனர். அவர்களுக்காகப் புலவர் புதிய இசை எழுதினர்.

அதே மின்பதிவின் பயனாக, 1930-களின் தொடக்கத்தில், சென்னையில் வீணை தனம்மாள் பதிவுக்கு இசைந்தார். 1867-இல் பிறந்தவர். அப்போது அகவை அறுபதைக் கடந்துவிட்டது, கண்ணொளியும் மங்கியிருந்தது. ஜார்ஜ் டவுனில் அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வாசிப்பிற்குப் பெரிய வித்துவான்களும் வந்து மூச்சடக்கி அமர்ந்திருப்பர். பக்கவாத்தியம் இல்லை, விரலில் மீட்டுக் கம்பி இல்லை, வெறும் விரலே. கொம்புக் குழல் காலத்தில் இவ்வாசிப்பைத் தட்டில் அடக்கியிருக்க இயலுமோ? 1938-இல் அவர் மறைந்தார். எஞ்சியவை ஒருசில தட்டுகளே.

அவற்றுள் ஒன்று மாமாவின் பேழையிலும் இருந்தது. அதனை அவர் திருநாட்களில் மட்டுமே எடுப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் இப்பொருள் பற்றிப் பேசினேன். மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, பழங்கால வித்துவான்கள் இராகத்தை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்களே. விரிவான ஆலாபனை பிற்காலத்தார் சேர்த்ததுதானே?” என்றார். நல்ல கேள்வி. சான்றைக் காட்டிக் கேட்ட கேள்வி. ஆயினும் முடிவு தவறு. பத்தங்குலத் தட்டின் ஒரு முகத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். மணிக்கணக்கில் வாசித்தவரைப் பார்த்து, மூன்று நிமிடத்தில் முடியுங்கள் என்று பொறியாளர் சைகை காட்டுகிறார். நாம் கேட்பது வித்துவானின் வழக்கத்தை அன்று, தட்டின் அளவை. கல்வெட்டில் அரசன் மெய்க்கீர்த்தியைப் படிக்கும்போது கல்லின் அகலத்தையும் கருதுகிறோமல்லவா?

வேகமும் அவ்வாறே. நிமிடத்திற்கு 78 சுழற்சி என்பது பின்னர் நிலைபெற்ற அளவு. தொடக்ககாலத் தட்டுகள் வெவ்வேறு வேகத்தில் பதியப்பட்டவை. மெதுவாகப் பதிந்ததை விரைவாக ஓட்டினால் தாளம் விரையும்; சுருதியும் உயரும். முதியவர் குரல் இளமகள் குரலாகும். அதைக் கேட்டு, அக்காலத்தார் இத்துணை உச்சத்தில் பாடினர் என்று எழுதியவர்களும் உண்டு.

மாமாவின் தட்டுகள் என்னவாயின என்று நீங்கள் கேட்கலாம். அவர் மறைந்தபின் வீடு பழுதுபார்க்கப்பட்டது. பேழை கொல்லைப்புறம் சென்றது. பாத்திரக்காரர் ஒருவர் வந்தபோது, தட்டுகளைக் கொடுத்து ஓர் எவர்சில்வர் குடம் வாங்கினார்கள். நான் அப்போது கல்லூரியில் வரலாறு பயின்றுகொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்து திண்ணையில்தான் அமர்ந்திருந்தேன். ஒலிநாடா வந்துவிட்ட காலத்தில் இவை எதற்கு என்று நானும் எண்ணினேன். தடுக்கவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது அரக்குத் தட்டுப்பாட்டால் மேனாடுகளில் பழந்தட்டுகளைத் திரட்டி உருக்கினர் என்று பின்னாளில் படித்தபோது, போர் இல்லாமலே நாங்கள் செய்ததை நினைத்துக்கொண்டேன்.

தனம்மாள் வாசிப்பு அழியவில்லை. பிறர் காத்த படிகளிலிருந்து அது ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும் வெளிவந்தது. இன்று கைப்பேசியிலும் கேட்கலாம். ஆயினும் நான் இழந்தது வேறொன்று. சென்ற ஆண்டு மாமாவின் பழைய கணக்குப் புத்தகத்தினுள் இசைத்தட்டின் தாளுறை ஒன்று அகப்பட்டது. தட்டு இல்லை. உறையின்மேல் பென்சிலால் அவர் கையெழுத்து: “சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்த்தேன். முள்ளை 78-க்குக் கீழே இறக்கி ஓட்டுக.” எந்தத் தட்டிற்கு எழுதினார் என்பதற்கு உறையில் குறிப்பு ஏதும் இல்லை. ஏனைய உறைகளிலும் இத்தகைய குறிப்புகள் இருந்திருக்கும். அவையும் குடத்திற்கு விலையாகச் சென்றுவிட்டன.