மன்னார்க் கரையும் வெள்ளைச் சீருடையும்

இலங்கையிற் கல்வி இலவசம் என்று சட்டம் கூறுகிறது. 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதல் அவ்வாறே கூறிவருகிறது. ஆயினும் மன்னார்த் தீவிலுள்ள பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ, பெருநிலக் கரையிலுள்ள விடத்தல்தீவிலோ சிலாவத்துறையிலோ, புதிய கல்வியாண்டு பிறக்கும் வாரத்தில் ஒரு கடற்றொழிலாளியின் வீட்டுக் கணக்கைக் கேட்போமாயின், சட்டத்தில் இடம்பெறாத செலவுகள் பல வெளிவரும். சப்பாத்து, காலுறை, தையற்கூலி, கழுத்துப்பட்டி, பாடசாலைச் சின்னம், விளையாட்டுப் போட்டிக்கென இல்லத்தின் நிறத்தில் ஒரு மேற்சட்டை. இவற்றை எவரும் கட்டணம் என்று அழைப்பதில்லை. ஒழுங்கு என்ற பெயரால் இவை கேட்கப்படுகின்றன. கொடுக்க இயலாத பிள்ளை வாயிலில் நிறுத்தப்படுகிறது.

மாணவர்கள் இதைப்பற்றி முணுமுணுக்கின்றனர். அம்முணுமுணுப்பை இளமைத் துடுக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் ஆசிரியர்களாகிய நம்மிடையே உண்டு. ஆனால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாமல் சீருடையை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் ஒருங்கே பிழையாகும்.

நமது சமுதாயத்தில் உடை என்பது ஒருகாலும் வெறும் உடையாக இருந்ததில்லை. யார் எதை உடுத்தலாம், எதுவரை உடுத்தலாம் என்பதைச் சாதி வகுத்தது. தென்திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் போராடினர். 1859 ஆம் ஆண்டில் மன்னரின் அறிவித்தல் வந்தது. அப்பொழுதும் அவர்கள் கிறித்தவ நாடார் பெண்களைப்போற் சட்டை அணியலாம், அல்லது கடற்கரை முக்குவப் பெண்கள் உடுத்துவதுபோல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். மேற்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தலாகாது என்றே அவ்வறிவித்தல் விதித்தது. மானத்தை மறைக்க அனுமதி தந்த கையே, அடையாளத்தை அழிக்க அனுமதி மறுத்தது. அரசு அளவுகோலாக எடுத்துக்கொண்டது மீனவப் பெண்ணின் முரட்டுத் துணியை என்பதைக் கடற்கரைவாசிகளாகிய நாம் மறத்தலாகாது.

யாழ்ப்பாணத்து நிலைமையும் இதற்கு வெகுதூரத்தில் இருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் பாடசாலைக்கு வந்தாலும் வாங்கில் அமர முடியவில்லை. தரையில், சில இடங்களிற் கொட்டகைக்கு வெளியே, இருந்து படித்தனர். அரச நன்கொடை பெறும் பாடசாலைகள் சம ஆசனம் அளிக்கவேண்டும் என்ற உத்தரவு 1929–30 ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு உடன்பட்ட பாடசாலைகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. இச்சூழலிலேதான், 1924 இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரின் தலைமையில் சம ஆசனத்தையும் சமபோசனத்தையும் முழங்கியது. அவ்வியக்கத்தின் அழைப்பை ஏற்று 1927 நவம்பரிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். அவர் இலங்கையிற் சுற்றியது கதர் நிதி திரட்டுவதற்காகவே. மேனாட்டு உடையே நாகரிகம் என்றிருந்த காலத்தில், வேட்டியும் கதரும் உடுத்து வகுப்புக்குச் செல்வதை ஓர் அரசியற் செயலாக அந்த மாணவர்கள் கருதினர். உடையைப் பற்றி மாணவர் பேசுவது துடுக்கு என்போர் இந்த அத்தியாயத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

இப்பின்னணியில் நோக்கும்போது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வெள்ளைத் துணியில் வந்து ஒரே வாங்கில் அமர்வது சிறிய காரியமன்று. தகப்பனின் சாதியும் சம்பாத்தியமும் பிள்ளையின் சட்டையில் எழுதப்பட்டிருக்கலாகாது என்ற எண்ணம் முற்போக்கான எண்ணமேயாகும். கடலுக்கு அப்பாற் காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு 1950களின் பிற்பகுதியில் ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தி, மக்களிடம் பொருள் திரட்டினார். பகலுணவோடு சீருடையும் ஏழைப் பிள்ளைகளை நோக்கிச் சென்றது. அங்கே சீருடை பிள்ளையிடம் கேட்கப்படவில்லை, பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டது. நமது வாதம் முழுவதும் இவ்விரண்டு வினைச்சொற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே பற்றி நிற்கிறது.

சீருடையின் தாயகமாகிய இங்கிலாந்திலும் தொடக்கம் இவ்வாறே இருந்தது. 1552 இல் இலண்டனில் நிறுவப்பட்ட கிறைஸ்ற் மருத்துவமனைப் பாடசாலை, பெயரில் மருத்துவமனையாயினும், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லமாகும். அங்கு நீல அங்கியும் மஞ்சட் காலுறையும் தருமமாக வழங்கப்பட்டன. நீல அங்கி வறுமையின் அடையாளம். பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டிற் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் பாடசாலைகள் தத்தமக்கெனத் தொப்பியும் கழுத்துப்பட்டியும் மேலங்கியும் வகுத்துக்கொண்டபோது, சீருடை அந்தஸ்தின் அடையாளமாக மாறியது. ஏகாதிபத்தியம் கப்பலேற்றி அனுப்பியது இந்த இரண்டாவது வகைச் சீருடையையே. மன்னாரின் மாசி, பங்குனி வெயிலில் ஒரு பிள்ளையின் கழுத்தை இறுக்கும் பட்டி எந்தக் குளிருக்காகத் தைக்கப்பட்டது என்று நாம் கேட்பதேயில்லை!

மன்னாரிற் பாடசாலைகளை வளர்த்ததிற் பெரும்பங்கு மறைமாவட்டத்திற்கும் துறவியர் சபைகளுக்கும் உரியது. அப்பணியை நன்றியுடன் ஏற்கவேண்டும். அரிப்பிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்பினாற் பெரும்பொருள் ஈட்டிய குடியேற்ற அரசு, சுழியோடிகளின் பிள்ளைகளுக்காகச் செய்தது மிகச் சொற்பமே. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, கத்தோலிக்கர் செறிந்து வாழும் இக்கரையில் எழுந்த கொந்தளிப்பு இன்றும் பேசப்படுகிறது. நிருவாகம் கைமாறியது. கட்டணம் அறவிட முடியாது என்ற நிலை உறுதிப்பட்டது. ஆனால் பெரிய பாடசாலைகளின் அந்தஸ்துச் சின்னங்கள் கைமாறாமல் அப்படியே நின்றன. நாளடைவிற் சிறிய பாடசாலைகளும் அவற்றைப் பார்த்துப் பின்பற்றத் தொடங்கின.

1993 ஆம் ஆண்டில் சனாதிபதி பிரேமதாசாவின் அரசு எல்லாப் பாடசாலை மாணவர்களுக்கும் இலவசமாகச் சீருடைத் துணி வழங்கத் தொடங்கியது. அவ்வரசின் கொடுமைகள் பலவற்றை நாம் மறக்கவில்லை. எனினும் 1945 இன் சட்டம் தொடங்கி 1980 இன் இலவசப் பாடநூல் வரை வந்த வழியில் இது நியாயமான அடுத்த படி என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். கல்வி கட்டாயமெனின், அதற்குரிய உடை கட்டாயமெனின், அவ்வுடையின் விலை பொதுச் செலவாகவேண்டும் என்ற கொள்கையை அரசே அன்று ஏற்றுக்கொண்டது.

அத்துணி அளிக்கப்பட்ட காலத்தில் மன்னாரின் பிள்ளைகள் எங்கிருந்தனர்? 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலியிலிருந்தும் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, சிறு பொதிகளோடு கற்பிட்டியையும் புத்தளத்தையும் அடைந்திருந்தனர். தமிழ்ப் பிள்ளைகளிற் பலர் மடுவின் அகதிக் கொட்டில்களிலும், கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களிலும் இருந்தனர். வீடிழந்த பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை ஒன்று எத்தனை ஆறுதலாயிருக்கும் என்பதை அகதி முகாமிற் கற்பித்தோர் அறிவர். அதே சட்டை இல்லாமற்போனால் என்னாகும் என்பதையும் அவர்களே அறிவர்.

பின்னர் வந்த ஆட்சிகள் இதிற் பல விளையாட்டுகளை நடத்தின. 2015 இன் இறுதியில் துணிக்குப் பதிலாகப் பண வவுச்சர் வழங்கப்பட்டது. துணிக் கொள்வனவில் ஊழல் நிகழ்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். அக்காரணம் பொய்யென்று நாம் கூறவில்லை. ஆனால் வவுச்சரில் எழுதிய தொகை நிலையானது. கடையின் விலை நிலையற்றது. நகரத்திற் பத்துக் கடை ஏறி இறங்கலாம். முசலியின் உட்கிராமத்துத் தாய்க்குப் பேருந்துக் கட்டணமே ஒரு முழத் துணியை விழுங்கிவிடும். 2019 இன் ஆட்சி மாற்றத்தின் பின்னர் மீண்டும் துணிக்கே திரும்பினர்.

அடுத்து 2022 இன் பொருளாதார வீழ்ச்சி. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. கொழும்பில் இருப்போருக்கு அது பத்திரிகைச் செய்தி. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கடலுக்குச் செல்லும் மன்னார்த் தொழிலாளிக்கோ, அது படகைக் கரையில் ஏற்றிவைப்பதா, கடன்பட்டுக் கடலிறங்குவதா என்ற கேள்வி. இழுவைமடி இலங்கையில் 2017 இற் சட்டத்தால் தடைசெய்யப்பட்டும், அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துச் சென்றுகொண்டிருந்தன. வாடைக் காற்றால் வடகரைத் தொழில் மந்தமாகும் மார்கழி, தை மாதங்களிலேதான் பாடசாலைச் செலவும் வழமையாக வந்து சேரும். கடலும் அரசும் கல்வியாண்டும் ஒரே வேளையிற் கதவைத் தட்டின.

அரசின் கருவூலம் வெறுமையாயிருந்ததால் 2023 இற் சீருடைத் துணியின் 70 சதவீதத்தைச் சீனா நன்கொடையாகத் தந்தது. 2025 இற்கு முழுத்தேவையையும் அதுவே தந்தது. 10,000 இற்கு மேற்பட்ட பாடசாலைகளின் ஏறத்தாழ 46 இலட்சம் மாணவர் அந்த வெள்ளைத் துணியை உடுத்தனர். உதவியை நாம் இகழவில்லை. ஆயினும் ஒரு முரண்பாட்டைச் சுட்டாதிருக்க முடியவில்லை. இந்நாட்டின் ஏற்றுமதி வருவாயின் முதன்மைத் தூண் ஆடைத் தொழில். 1992 இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டம் கிராமங்களுக்குச் சென்றது. போரின் பின் வன்னியிலும் ஆலைகள் எழுந்தன. மேனாட்டாரின் உள்ளாடையையும் மேலாடையையும் தைக்கும் நமது பெண்கள், தம் பிள்ளையின் சீருடைத் துணிக்காகப் பிறநாட்டுக் கப்பலைப் பார்த்திருக்க நேர்ந்தது. பின்தங்கிய முதலாளித்துவத்தின் இயல்பைப் பாடநூலில் விளக்க முயலும் ஆசிரியர், இந்த ஓர் உதாரணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

துணி வந்துவிட்டது என்றே கொள்வோம். வருவது ஓர் ஆண்டுக்கு ஓர் உடைக்கான துணி. வாரத்தில் ஐந்து நாட்கள் பாடசாலை. வெள்ளைத் துணியை நாள்தோறும் துவைக்கவேண்டும். மன்னார்த் தீவின் கிணறுகள் பலவற்றின் நீர் உவர்ப்பானது. அந்நீரிற் சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளை மெல்லப் பழுப்பேறும். முசலியின் செம்மண் புழுதியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே இரண்டாவது உடை தேவை. அது பெற்றாரின் செலவு. தையற்கூலி பெற்றாரின் செலவு. முஸ்லிம் மாணவியரின் உடைக்குத் துணி கூடுதலாகத் தரப்படினும் தையலும் கூடுதலே. சப்பாத்தின் விலையோ துணியின் விலையைப் பன்மடங்கு விஞ்சி நிற்கிறது. வளரும் காலுக்கு அது ஓர் ஆண்டும் தாங்காது. இவற்றோடு, குறிப்பிட்ட ஒரு கடையிலேதான் வாங்கவேண்டும், குறிப்பிட்ட பொத்தானும் சின்னமும் இருக்கவேண்டும் என்ற விதிகள் சில பாடசாலைகளில் உண்டு. இவ்விதிகளை விதித்தது அமைச்சு அன்று. நாமும், பாடசாலை அபிவிருத்திச் சங்கமும், பழைய மாணவர் பெருமையும் சேர்ந்து விதித்தவை இவை.

நாம் அறிந்த ஒரு பாடசாலையில், சப்பாத்து இல்லாத நாட்களில் வராமலிருந்துவிட்டு, மறுநாள் காய்ச்சல் என்று கடிதம் கொண்டுவரும் பிள்ளைகள் இருந்தனர். வரவுப் பதிவேட்டில் அது காய்ச்சலாகவே பதிவாகியது. சில மாதங்களின் பின் அவர்களுள் ஒருவன் கரைவலை இழுக்கப் போனான். அவன் இடைவிலகியதற்குக் காரணம் 'பெற்றாரின் அக்கறையின்மை' என்று எழுதப்பட்டது.

இங்கிலாந்தின் பாராளுமன்றம் 2021 இல், பாடசாலைச் சீருடையின் செலவைக் குறைப்பதற்கான வழிகாட்டலைப் பாடசாலைகள் மீது கட்டுப்பாடாக்கும் சட்டமொன்றை நிறைவேற்றியது. சின்னம் பொறித்த உடைகளை மிகக் குறைவாக வைத்திருக்கவேண்டும், ஒரே விற்பனையாளரிடம் பெற்றாரைச் சிக்கவைத்தலாகாது என்பன அதன் சாரம். கழுத்துப்பட்டியை நமக்குக் கற்பித்த நாடே அதன் விலையைக் கேள்விக்குட்படுத்திவிட்டது. நமது ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்திற்காகப் போராடியபோது மாணவரும் பெற்றாரும் உடன் நின்றதுண்டு. இதை ஒரு கோரிக்கையாக எடுக்கச் சங்கங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. முதற்படிக்கு அமைச்சின் அனுமதியும் தேவையில்லை: சப்பாத்து இல்லாத பிள்ளையை வாயிலில் நிறுத்துவதில்லை என்று ஓர் ஆசிரியர் கூட்டமே தீர்மானிக்கலாம்.

சப்பாத்துக்கென அரசு 3,000 ரூபா வவுச்சர் ஒன்றை அண்மை ஆண்டுகளில் ஏற்படுத்தியுள்ளது. 250 மாணவர்க்கு மேற்படாத சிறிய பாடசாலைகளே அதன் முதன்மை இலக்கு. உட்கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பயன்தரும். ஆனால் கடற்றொழிற் குடும்பங்கள் நெருங்கி வாழும் பெரிய ஊர்களின் பாடசாலைகளில் மாணவர் தொகை அவ்வெல்லையைக் கடந்து நிற்பதுண்டு; அங்கே வறுமையும் அதே அளவில் நெருங்கியே நிற்கிறது. எல்லையைத் தொகையால் வகுத்தவர்கள் அதை வருமானத்தால் வகுத்திருக்கலாம்.