கொல்வது நோயா? ஊர்ப்பேச்சா?

நடுவர் அவர்களே! "ஊர் வாய் யாரையும் கொன்னதில்லை, நோய்தான் கொல்லும்" என்று எதிரணித் தங்கை அழகாகப் பேசிவிட்டுப் போனாங்க. சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போமா?

ஆண்மை திரிந்தவர்களைத் தொல்காப்பியர் எங்கே வைத்தார்? உயர்திணையில்! ஊர் எங்கே வைத்தது? "அது வருது பாரு" என்று அஃறிணையில்! (கைதட்டல்)

வைத்தியரிடமும் வக்கீலிடமும் உண்மையை மறைக்கக் கூடாது என்பாங்க. 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டம், 377ஆம் பிரிவு, தன்பால் உறவைக் குற்றமாக்கியது. உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது 2018 செப்டம்பர் 6இல். 158 வருஷம்! உண்மையைச் சொன்னால் குற்றவாளி என்றால் எவன் வைத்தியரிடம் வாய் திறப்பான்?

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டுபிடித்தாங்க. மருந்து வருவதற்கு முன்னாலேயே நோயாளிக்கு ஊர் பட்டம் கொடுத்துவிட்டது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசமாக வரத் தொடங்கியது. ஆனால் வாங்கப் போகிற வழியில் தெரிஞ்ச முகம் பார்த்துடுமே, அந்தப் பயத்துக்கு மாத்திரை உண்டா?

நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் எப்படி? திருவையாத்துல தும்மினா கும்பகோணத்துல "நூறாயுசு" என்பாங்க! (சிரிப்பு) அதனால் உள்ளூர் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, யாருக்கும் தெரியாத ஊருக்குப் பஸ் ஏறணும். பஸ் காசு போச்சு, ஒருநாள் கூலி போச்சு. "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று தள்ளிப் போடுறாங்க. நோய் தள்ளிப் போகுமா?

மருத்துவமனைக் கதவு திறக்காத காலத்தில், டாக்டரும் மயக்க மருந்தும் இல்லாமல் இரவில் கத்தியால் உறுப்பை அறுத்து, ரத்தம் போயே செத்த திருநங்கைகள் உண்டு. அவங்களுக்கு என்ன நோய்? ஒரு நோயும் இல்லை ஐயா! 2008இல் தமிழக அரசு நல வாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனையில் இலவச அறுவைச் சிகிச்சைக்கும் வழி வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்று, மருத்துவமனைகளில் அவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்யுங்கள் என்று அரசுகளுக்கு உத்தரவிட்டது.

ஊர் மாறாது என்கிறீர்களா? மதுரையிலிருந்து வந்த நர்த்தகி நடராஜைத் தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளை வாசலோடு அனுப்பவில்லை. சிஷ்யையாக ஏற்றார், நர்த்தகி என்று பெயரும் வைத்தார். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ! (பலத்த கைதட்டல்) ஒரு பெரிய மனுஷன் மரியாதையாக அழைத்ததற்கே இந்தப் பலன். ஊரே அழைத்தால்?

மேட்டூரைத் திறந்தாச்சு. வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வருமா? சட்டம் மேட்டூர். ஊர்ப்பேச்சு ஆகாயத்தாமரை. அதை அரசாங்கம் வந்து எடுக்காது, நாமதான் இறங்கி எடுக்கணும். மருந்து இருந்தும் மனிதன் சாகிறான் என்றால், கொன்றது நோயல்ல, ஊர்ப்பேச்சே என்று தீர்ப்பளியுங்கள் நடுவர் அவர்களே!