இல்லாத இரண்டாவது மேடு

சில வருடங்களுக்கு முன்பு பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு புக்கிங் மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரே கட்டடத்தில் விலை உயர்ந்த பத்துப் பன்னிரண்டு கருவிகள் இருந்தன. எந்தப் பேராசிரியரின் மாணவராக இருந்தாலும் மணிக்கணக்கில் நேரம் எடுத்து, அதற்கான கட்டணத்தைத் தங்கள் ஆய்வு நிதியிலிருந்து கட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். இதைக் 'கோர் ஃபெசிலிட்டி' என்பார்கள். நான் 'பொதுக் கருவிக்கூடம்' என்றே எழுதுகிறேன்.

மீட்டிங் ரூம் புக்கிங் மாதிரிதானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்துதான் வேலையை எடுத்தேன். கடைசியில் ஒரு அறிக்கையும் சேர்த்துக் கொடுத்தேன்: எந்தக் கருவி எத்தனை மணி நேரம் சும்மா கிடக்கிறது என்று. செல் பிரிக்கும் கருவி ஒன்று தினமும் காலை 8 மணி முதல் 10 மணி வரை யாருக்கும் ஒதுக்கப்படாமல் இருப்பதை அந்த அறிக்கை சிவப்பு நிறத்தில் காட்டியது. நிர்வாகத்துக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அந்த இரண்டு மணி நேரத்தையும் புக்கிங்குக்குத் திறந்துவிட்டார்கள்.

சில வாரங்கள் கழித்து போன் வந்தது. இரண்டு ஆய்வுக் குழுக்களின் அளவீடுகள் மெல்ல மெல்ல நகர்ந்திருக்கின்றன. அவை செல்லில் ஏற்பட்ட மாற்றம் இல்லை, கருவியின் ஒளிப்பாதை விலகியதால் வந்தவை. காலை இரண்டு மணி நேரத்தில் அந்தக் கருவியின் பொறுப்பாளர், ஒளிரும் அளவு முன்பே தெரிந்த நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளை ஓடவிட்டுக் கருவியைச் சரிபார்த்துக் கொண்டிருந்திருக்கிறார். என் மென்பொருளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. 'ஐடில்' என்ற கட்டம்தான் இருந்தது.

அவர் திண்டுக்கல் பக்கத்துக்காரர், ஓய்வு பெறும் வயது. கோபப்படவில்லை. "தம்பி, கச்சேரிக்கு முன்னாடி சுருதி சேர்க்கிற நேரத்தையும் வெட்டி நேரம்னு கணக்கு எழுதுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஒரு மாணவி அந்த அளவீடுகளை முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது என்று பிறகு தெரிந்தது.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்தக் கருவியின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். என் வேலைக்கும் இதற்கும் இவ்வளவு நெருக்கமான உறவு இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

இரத்த அணுவில் இரண்டு மேடு

கதை தொடங்குவது அமெரிக்காவில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் லாஸ் அலமோஸில். ஆம், அணுகுண்டு செய்த அதே ஆய்வகம்தான். கதிர்வீச்சு உடலை என்ன செய்கிறது என்று ஆராய அங்கே உயிரியல் குழுவும் இருந்தது.

அவர்களிடம் கூல்ட்டர் கருவி இருந்தது. 1953இல் வாலஸ் கூல்ட்டர் காப்புரிமை பெற்ற உத்தி அது. உப்புத் தண்ணீரில் மிதக்கும் செல்கள் மின்சாரம் ஓடும் ஒரு சிறு துளை வழியாகப் போகும். ஒவ்வொரு செல்லும் கடக்கும்போது மின்னோட்டத்தில் ஒரு துடிப்பு வரும். செல் பெரிதாக இருந்தால் துடிப்பும் பெரிது. துடிப்புகளை எண்ணி வரைபடம் போட்டால் எந்த அளவில் எத்தனை செல்கள் என்று தெரிந்துவிடும்.

சிவப்பணுக்களை ஓடவிட்டபோது வரைபடத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு மேடுகள் வந்தன. அப்படியென்றால் நம் இரத்தத்தில் இரண்டு வகைச் சிவப்பணுக்கள் இருக்கின்றனவா? உண்மையாக இருந்தால் பெரிய கண்டுபிடிப்பு. கருவியின் கோளாறாக இருந்தால் பெரிய அவமானம்.

மேக் ஃபுல்வைலர் என்ற பொறியாளர் இதைத் தீர்க்க நேரடியான வழி ஒன்றை யோசித்தார். இரண்டு மேட்டுச் செல்களையும் தனித்தனியே பிரித்து எடுத்து, மறுபடி அதே கருவியில் ஓடவிட்டுப் பார்ப்போம். ஆனால் செல்லைப் பிரிப்பது எப்படி?

விடை இருந்தது கலிஃபோர்னியாவில். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்வீட் என்ற பொறியாளர் மையைத் துளித்துளியாகத் தெறித்து எழுதும் கருவி ஒன்றைச் செய்திருந்தார். இன்றைய இங்க்ஜெட் பிரிண்டரின் மூதாதை. ஒரு நீர்த்தாரையை அதிரவைத்தால் அது ஒரே அளவான துளிகளாக உடையும். வேண்டிய துளிக்கு மட்டும் மின்னூட்டம் கொடுத்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே விழவிட்டால் அது விலகி விழும். மைக்குப் பதிலாகச் செல் இருக்கும் தண்ணீரை ஊற்றினார் ஃபுல்வைலர். அவ்வளவுதான்! 1965இல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. பிரித்தெடுத்த வெள்ளெலிச் செல்கள் உயிரோடு வழக்கம்போல வளர்ந்ததையும் அதில் காட்டினார்.

சரி, சிவப்பணு? பிரித்த ஒவ்வொரு பங்கையும் திரும்ப ஓடவிட்டால், மறுபடி அதே இரண்டு மேடுகள். வகை இரண்டு இல்லை. துளைக்குள் செல் எந்தப் பக்கமாகத் திரும்பிப் போகிறது என்பதைப் பொறுத்துத் துடிப்பு மாறியிருக்கிறது. இரண்டாவது மேடு என்ற ஒன்றே இல்லை.

உலகின் முதல் செல் பிரிப்பான்களில் ஒன்று கட்டப்பட்டது, ஒரு வரைபடம் சொன்ன பொய்யைக் கண்டுபிடிக்க. படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

செவ்வாய்க்குப் போக வேண்டிய ஆய்வகம்

இப்போது ஸ்டான்ஃபோர்டுக்குப் போவோம். அங்கே மரபியல் துறையில் லெனார்ட் ஹெர்சன்பர்க் ஒளிரும் செல்களை நுண்ணோக்கியில் எண்ணி எண்ணிக் கண்கள் சலித்துப் போயிருந்தார். இதற்கு ஒரு இயந்திரம் வேண்டும் என்று தேடியவர் லாஸ் அலமோஸ் கருவியைப் பற்றித் தெரிந்துகொண்டு அங்கே போனார். செல்லின் பருமனுக்குப் பதிலாக ஒளிர்வை வைத்துப் பிரிக்க முடியுமா என்பது அவர் கேள்வி. அவர்களுக்கு அதில் ஆர்வம் இல்லை. ஆனால் கருவியின் வரைபடங்களைக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். ஸ்டான்ஃபோர்டில் பிறந்த மைத்துளி, லாஸ் அலமோஸ் போய்விட்டு, மறுபடி ஸ்டான்ஃபோர்டுக்கே வந்தது.

வரைபடம் கையில் இருந்தாலும் கட்டுவது யார்? உயிரியலாளர்கள் சோல்டரிங் தெரிந்தவர்கள் இல்லையே.

இங்கேதான் ஒரு தற்செயல். அந்த மரபியல் துறையை உருவாக்கியவர் ஜோஷுவா லெடர்பெர்க், 1958இல் நோபல் பரிசு பெற்றவர். செவ்வாயில் உயிர் இருக்கிறதா என்று கண்டறியும் கருவிகள் செய்ய நாசா பணத்தில் அவர் துறைக்குள்ளேயே ஒரு கருவி ஆய்வகம் வைத்திருந்தார். எலியட் லெவிந்தால் அதன் இயக்குநர். மின்னணுப் பொறியாளர்கள் அங்கே சம்பளத்தில் இருந்தார்கள். செவ்வாய்க்காகக் கூடிய கைகளே செல் பிரிப்பானையும் கட்டின.

1969இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையின் ஆசிரியர் வரிசை: ஹ்யூலெட், பானர், பேரட், ஹெர்சன்பர்க். கருவி கட்டியவர்கள் பெயர் முன்னால் வருகிறது. 1972இல் ஆர்கான் லேசர் பொருத்திய மேம்பட்ட வடிவம். அந்தக் கட்டுரையில் பானர் பெயர் முதலில். மைத்துளி ஸ்வீட்டும் அதில் ஒரு ஆசிரியர். 1970களின் நடுவில் பெக்டன் டிக்கின்சன் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுருக்கப் பெயர் ஃபேக்ஸ் (கடிதம் அனுப்பும் ஃபேக்ஸ் இல்லை!).

லெனார்டின் மனைவி லெனோர் ஹெர்சன்பர்க்கையும் சொல்லியாக வேண்டும். இருவரும் 1959இல் ஸ்டான்ஃபோர்டு வந்தார்கள். அவர் முறையாகப் பட்டப்படிப்பு முடிக்காமலே பல ஆண்டுகள் அந்த ஆய்வகத்தில் சமபங்காக உழைத்துப் பின்னாளில் அங்கேயே பேராசிரியர் ஆனார். 2006இல் கியோட்டோ பரிசு லெனார்டுக்கு வந்தது.

நேரத்தைப் பங்கு போடுவது

என்னை மாதிரி மென்பொருள்காரர்களுக்கு இன்னொரு ஆச்சரியம். அதே லெடர்பெர்க்கின் முயற்சியில் 1960களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவப் பள்ளியில் ஏக்மி என்ற கணினித் திட்டம் தொடங்கியது. ஒரு ஐபிஎம் 360/50 கணினி. பல ஆய்வாளர்கள் அவரவர் டெர்மினலில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் அதைப் பயன்படுத்தலாம். 1970களில் அதன் வழியில் சூமெக்ஸ் வந்தது. அர்ப்பாநெட் வழியாக வெளி ஊர் ஆய்வாளர்களும் அந்தக் கணினியில் நுழைந்து மருத்துவச் செயற்கை நுண்ணறிவு ஆய்வு செய்தார்கள்.

ஆக, கணினி நேரத்தையும் கருவி நேரத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் பழக்கம் ஒரே வளாகத்தில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்திருக்கிறது. செல் பிரிப்பான் ஒரு பேராசிரியரின் அறைக்குள் பூட்டி வைக்கிற பொருள் இல்லை. விலையும் அதிகம், தண்ணீரில் குளிர்விக்கும் லேசரைக் கட்டி மேய்ப்பதும் தனி வேலை. ஸ்டான்ஃபோர்டில் அதற்கென்றே பொது ஃபேக்ஸ் கூடம் உருவானது. டேவிட் பார்க்ஸ் பல ஆண்டுகள் அதன் தலைமையில் இருந்தார்.

1982இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் பொதுக் கருவிகள் வாங்க நிதித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. குறைந்தது மூன்று ஆய்வாளர்களாவது பயன்படுத்த வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் அந்த நிதி கருவி வாங்கத்தான். அதை இயக்குபவரின் சம்பளமும் பராமரிப்பு ஒப்பந்தமும் அதில் வராது. அதைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ள வேண்டும். இயந்திரம் 'செலவு', மனிதர் 'உங்கள் பாடு'. என் சிவப்புக் கட்ட அறிக்கை எந்தச் சிந்தனையிலிருந்து வந்ததோ, அதே சிந்தனைதான் இதுவும்.

நம் நாட்டிலும் 1970களில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை மண்டலக் கருவி மையங்களை அமைத்தது. அவற்றில் ஒன்று சென்னை ஐஐடியில். எண்ணம் அதேதான்: ஒருவர் வாங்க முடியாததை எல்லோரும் சேர்ந்து பயன்படுத்துவது.

இரண்டாவது முறை அதே பொய்

பொதுக்கூடத்தில் எல்லோருடைய தரவும் வந்து குவியும். ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு வடிவத்தில் எழுதினால் என்ன ஆகும்? 1984இல் இதற்கு எஃப்சிஎஸ் என்ற பொதுக் கோப்பு வடிவம் முன்மொழியப்பட்டது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த பெங்களூர் வேலையின்போது ஒரு கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். முதல் மூன்று எழுத்தும் அதே எஃப், சி, எஸ். நாற்பது வருடம் தாங்கும் கோப்பு வடிவம் எழுதுவது சாதாரணமில்லை, எங்கள் ஆட்களைக் கேட்டால் தெரியும்.

கடைசியாக, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஒளிர்வை வழக்கமாக லாக் அளவில் வரைவார்கள். பல நிறங்கள் சேரும்போது ஒரு நிறத்தின் ஒளி இன்னொரு உணரியில் கசியும். அதைக் கழித்தால் மங்கலான செல்கள் சிலவற்றுக்கு மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும். லாக் அளவில் பூஜ்யத்துக்கே இடம் கிடையாது. அதனால் அந்தச் செல்கள் எல்லாம் வரைபடத்தின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மீதி கொஞ்சம் மேலே ஒரு மேடாக நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டு வகைச் செல்கள்! உண்மையில் இருப்பது ஒன்றுதான்.

2006இல் பார்க்ஸ், மரியோ ரோடரர், வெய்ன் மூர் மூவரும் 'லாஜிக்கிள்' என்ற புதிய அளவுகோலை வெளியிட்டார்கள். பூஜ்யத்துக்கு அருகே நேர்கோட்டு அளவு, மேலே போகப் போக லாக் அளவு. ஓரத்தில் ஒட்டியிருந்த செல்கள் தங்கள் இடத்துக்கு வந்தன. பொய் மேடு மறைந்தது.

1965இல் ஒரு இல்லாத மேடு, 2006இல் இன்னொன்று. இரண்டையும் பிடித்தவர்கள் கருவியோடு வாழ்ந்தவர்கள். இது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். ஒரு மாணவர் தன் செல்களை மட்டும்தான் பார்க்கிறார். இரண்டு மேடு வந்தால் அவர் மனம் கண்டுபிடிப்பு என்று துள்ளும். பொதுக்கூடத்தில் இருப்பவர் ஊரார் செல்களை எல்லாம் பார்க்கிறார். சம்பந்தமே இல்லாத நாலு பேருக்கு ஒரே மேடு ஒரே இடத்தில் வந்தால் அவருக்குத்தான் சந்தேகம் வரும். கருவியோடு சேர்த்து அவருடைய நினைவையும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறோம். அதற்குத்தான் எந்த அறிக்கையிலும் கட்டம் இல்லை.

எச்ஐவி நோயாளிகளுக்கு சிடி4 எண்ணிக்கை பார்ப்பார்களே, அது இந்தக் கருவிக் குடும்பத்தின் வேலை. அந்த எண் தவறினால் போவது ஆய்வுக் கட்டுரை மட்டும் இல்லை.

பெங்களூர் மென்பொருளை அப்புறம் திருத்திக் கொடுத்தேன், அதற்குக் காசு வாங்கவில்லை. காலை 8 முதல் 10 வரை இப்போது பச்சை நிறம். 'அளவுத்திருத்தம்' என்று பெயர், பொறுப்பாளரைத் தவிர யாரும் அதைத் திறக்க முடியாது. அண்ணனுக்குக் காட்டினேன். பார்த்துவிட்டு, "பேர் போடற இடத்துல என் பேரும் வருதே" என்றார். வரும்படிதான் எழுதியிருந்தேன்.