முழுதாக வந்த எஃப்எல் ஸ்டுடியோ, பாதியாக வந்த ரீசன்

க்யூபேஸில் ஒரு பாட்டு பாதி முடிந்து நிற்கிறது. குரல் பதிவாகிவிட்டது, புல்லாங்குழலும் ஆகிவிட்டது, ரிதம்தான் பாக்கி. ரிதம் போட வேண்டியவருக்கோ எஃப்எல் ஸ்டுடியோவில்தான் கை ஓடும். அதில் தனியாகச் செய்து, வேவ் கோப்பாக எடுத்து, க்யூபேஸில் கொண்டுவந்து போடலாம். ஆனால் இசையமைப்பாளர் டெம்போவை 96-லிருந்து 100-க்கு ஏற்றச் சொன்னால் அத்தனை கோப்புகளையும் மறுபடி எடுக்க வேண்டும். ஒரு ஸ்னேர் அடியை மாற்றச் சொன்னாலும் அதே கதைதான். இந்த அலைச்சலைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. சின்தசைசரையோ ரிவெர்பையோ ஏற்றுவதுபோல, இசை மென்பொருள் ஒன்றை அப்படியே இன்னொன்றுக்குள் ப்ளகினாக ஏற்றிவிடலாம்.

இதை இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகச் செய்திருக்கின்றன. பெல்ஜியத்தின் இமேஜ்-லைன், எஃப்எல் ஸ்டுடியோவை முழுதாகவே ப்ளகினாகக் கொடுக்கிறது: ப்ளேலிஸ்ட், பியானோ ரோல், மிக்சர் எல்லாமும். ஸ்வீடனின் ப்ரொபெல்லர்ஹெட் (2019 முதல் ரீசன் ஸ்டுடியோஸ்), ரீசனின் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்து ப்ளகினாக்கியது. பாட்டை முடித்துக் கையில் கொடுக்க வேண்டியவருக்கு இரண்டாவது வழியே சரி என்பது என் தீர்மானமான கருத்து. ஆனாலும் முதல் வழியைத் தள்ளிவிட முடியாது. அது தருகிற சிலவற்றை ரீசனால் தர முடியாது.

இரண்டு மென்பொருள்களைச் சேர்த்து ஓட்டும் ஆசை புதிதல்ல. 1998-இல் ப்ரொபெல்லர்ஹெட்டும் க்யூபேஸைத் தயாரிக்கும் ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க்கும் சேர்ந்து ரீவயர் என்ற இணைப்பை உருவாக்கின. ப்ரொபெல்லர்ஹெட்டிடம் அப்போது இருந்தது ரீபர்த். ரோலண்டின் பழைய பேஸ் சின்தசைசரையும் டிரம் மெஷினையும் கணினிக்குள் கொண்டுவந்த மென்பொருள். அது க்யூபேஸோடு ஒரே டெம்போவில் ஓட வேண்டும், அதன் ஒலி க்யூபேஸின் மிக்சருக்கு வர வேண்டும். 2000-இல் வெளிவந்த ரீசனும் இந்த வழியில்தான் மற்ற மென்பொருள்களோடு சேர்ந்து ஓடியது. ரீவயரின் இரண்டாம் பதிப்பில் 256 ஒலி சேனல்கள் வரை கடத்தலாம். ஆனால் ஹோஸ்டை, அதாவது மற்றதைத் தன்னோடு ஓடவைக்கும் மென்பொருளை, முதலில் திறந்த பிறகே மற்றதைத் திறக்க வேண்டும், மூடும்போது வரிசை தலைகீழ். இரண்டு இடத்தில் சேமிக்க வேண்டும். ஒன்றைச் சேமிக்க மறந்தால் பாட்டின் பாதி போயிற்று. ஏபிள்டன் லைவை இன்னொன்றுக்குக் கீழே ரீவயரில் ஓட்டினால் அதற்குள் விஎஸ்டி ப்ளகின்கள் ஏறாது. 2020 டிசம்பரோடு ரீவயருக்கு முழுக்குப் போட்டார்கள்.

ப்ளகின் வழியில் இந்தத் தொல்லைகள் பலவும் இல்லை. உள்ளே இருப்பது எதுவாக இருந்தாலும், ஹோஸ்டின் ப்ராஜெக்டைச் சேமிக்கும்போது அதன் நிலையும் சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. திறக்கும் வரிசை பற்றிய கவலையும் போய்விட்டது.

எஃப்எல் ஸ்டுடியோவை நிறுவும்போதே அதன் விஎஸ்டி வடிவமும் கூட வந்துவிடுகிறது. அதில் மல்டி என்ற வகையை ஏற்றினால் 16 ஸ்டீரியோ அவுட்புட்டுகள் கிடைக்கும். கிக்கை முதல் அவுட்டிலும் ஸ்னேரை இரண்டாவதிலும் பேஸை மூன்றாவதிலும் அனுப்பி, க்யூபேஸில் தனித்தனி டிராக்குகளாக வாங்கிக்கொள்ளலாம். எஃப்எல் மிக்சரில் அந்தந்த டிராக்கின் அவுட்புட்டைத் தேர்ந்தெடுத்து, மாஸ்டருக்குப் போகும் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் ஒரே கிக் இரண்டு வழியாக வந்து தடித்து ஒலிக்கும். துண்டித்தாலும் ஒன்று கவனிக்க வேண்டும். எஃப்எல்லின் பல பதிப்புகளில் புதுப் ப்ராஜெக்ட் திறக்கும்போதே மாஸ்டரில் ஒரு லிமிட்டர் உட்கார்ந்திருக்கும். தனியாகத் திறந்து ரிதம் போட்டவர் அந்த லிமிட்டர் வழியாகவே கேட்டுப் பழகியிருப்பார். தனித்தனி அவுட்டுகளில் பிரித்து அனுப்பியதும் லிமிட்டர் வழியிலிருந்து விலகிவிடுகிறது. கிக் திடீரென்று எகிறும், ஹை-ஹாட் கூச்சலிடும். ரிதம் கெட்டுவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அது இப்போதுதான் தன் சொந்த ஒலியில் கேட்கிறது. மிக்ஸ் செய்பவருக்கு வேண்டியதும் இந்த ஒலிதான்.

முழுதாக உள்ளே வருவதன் பெரிய பலன் பியானோ ரோல். மற்ற சேனல்களின் சுரங்களை மங்கலாகப் பின்னால் காட்டும் கோஸ்ட் நோட்ஸ், கிடார் மீட்டலைப் போலச் சுரங்களைச் சற்றுச் சற்று விலக்கிவைக்கும் ஸ்ட்ரம், அதன் சொந்த வாத்தியங்களில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஸ்லைட். இவற்றில் கை பழகியவரை வேறு எடிட்டருக்கு மாற்றுவது எளிதல்ல, மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. பேட்டர்ன் பேட்டர்னாகச் செய்து, பிறகு ப்ளேலிஸ்டில் அடுக்குகிற அந்தச் சிந்தனை முறையின் வேர், 1997-இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் அது சிறிய டிரம் மெஷினாகத் தொடங்கியதில் இருக்கிறது. ப்ளகினாக வரும்போதும் அது குலையவில்லை. பழைய எஃப்எல் ப்ராஜெக்ட் ஒன்றையும் அப்படியே ப்ளகினுக்குள் திறக்கலாம். பேட்டர்ன்கள், ஆட்டோமேஷன், மிக்சர் எல்லாம் வந்து நிற்கும். எப்போதோ செய்து கிடப்பில் போட்ட மெட்டுக்கு இப்போது க்யூபேஸில் குரல் பதிவு செய்ய வேண்டுமென்றால் இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

சிக்கல் நேரக்கோட்டில்தான். ஹோஸ்ட் தன் ப்ளகின்களிடம் ஒலியைச் சிறு துண்டுகளாகக் கேட்கிறது. நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் 256 சாம்பிள் கொண்ட ஒரு துண்டு ஏறக்குறைய 5.8 மில்லிநொடி. ஒவ்வொரு துண்டின்போதும் டெம்போ இவ்வளவு, பாட்டு இந்தப் பாரில் இருக்கிறது என்ற தகவலை ஹோஸ்டிடமிருந்து ப்ளகின் வாங்கிக்கொள்ளலாம். எஃப்எல் இதைப் பார்த்துத் தன் ப்ளேலிஸ்டை அதே இடத்துக்கு நகர்த்திக்கொள்கிறது. ஒரே மேடையில் இரண்டு பேர் கையில் தாளம் போடும்போது ஒருவர் மற்றவரின் கையைப் பார்த்தபடியே போடுவது போன்றது இது. டெம்போ ஒத்துப்போகும்வரை குறை தெரியாது. பாட்டின் அமைப்பு மாறும்போதுதான் தெரியும்.

சரணத்துக்கு முன்னால் நான்கு பார் கூட்டச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். க்யூபேஸில் 33-ஆம் பாரில் நான்கு பார் இடம் விடுகிறீர்கள். குரல் நகர்கிறது, புல்லாங்குழல் நகர்கிறது. எஃப்எல்லுக்குள் இருக்கும் ரிதம் நகராது. ஹோஸ்டைப் பொறுத்தவரை அது ஒரு ப்ளகின், அவ்வளவுதான். அதற்குள் ஒரு நேரக்கோடு இருப்பது ஹோஸ்டுக்குத் தெரியவே தெரியாது. சரணத்தின் அடி நான்கு பார் முன்னதாகவே வந்து விழும். ப்ளகினைத் திறந்து, அங்கேயும் அதே 33-ஆம் பாரில் அதே நான்கு பாரை விட வேண்டும். பாட்டு எத்தனை முறை மாறுகிறதோ அத்தனை முறையும் இந்த வேலை இரட்டிப்பு. திரைப்பாட்டு எத்தனை முறை மாறும் என்பது அதில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

ரீசன் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. ரீவயர் காலத்தில் தன் சீக்வென்சரையும் சுமந்துகொண்டு மற்ற மென்பொருள்களோடு ஓடிய அதே ரீசன், 2019 செப்டம்பரில் வந்த 11-ஆம் பதிப்பில் சீக்வென்சரையும் பெரிய மிக்சரையும் வெளியே விட்டுவிட்டு வாத்தியங்களும் எஃபெக்டுகளும் அடுக்கியிருக்கும் ரேக்கை மட்டும் விஎஸ்டி3 ப்ளகினாகக் கொடுத்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான், 9.5 பதிப்பில், மற்றவர்களின் விஎஸ்டி ப்ளகின்களைத் தனக்குள் ஏற்றிக்கொள்ளவே அது இசைந்திருந்தது. லாஜிக் பயன்படுத்துவோருக்கான ஏயூ வடிவமும், ப்ரோ டூல்ஸுக்கான ஏஏஎக்ஸ் வடிவமும் பின்னர் வந்தன.

வெளியே விட்டதற்கு ஈடும் செய்தார்கள். ரீசனின் மிக்சர், எஸ்எஸ்எல் 9000 கே என்ற பெரிய ஸ்டுடியோ கன்சோலை மாதிரியாக வைத்துச் செய்யப்பட்டது. அதன் மாஸ்டர் பஸ் கம்ப்ரெசருக்கென்றே ரீசனை வைத்திருந்தவர்கள் உண்டு. மிக்சர் ப்ளகினுக்குள் வராது. ஆனால் அதே 11-ஆம் பதிப்பில் மாஸ்டர் பஸ் கம்ப்ரெசர், சேனல் ஈக்யூ, சேனல் டைனமிக்ஸ் மூன்றும் தனிக் கருவிகளாக ரேக்கில் இடம்பிடித்தன. ஆக, க்யூபேஸின் குரல் டிராக்கிலேயே அந்தக் கம்ப்ரெசரைப் போடலாம். எதை எடுத்துச் செல்லலாம், எதை விட்டுச் செல்ல வேண்டும் என்று யோசித்துச் செய்த வேலை இது.

ரேக்குக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு மிடி டிராக்கில் ரேக்கை ஏற்றி சப்ட்ராக்டர் சின்தசைசரை வைக்கிறோம். அதன் தலைமேல் ஸ்கேல்ஸ் அண்ட் கார்ட்ஸ் என்ற ப்ளேயரை வைத்தால், ஒரு கட்டையை அழுத்தும்போதே ஒரு கார்ட் பிறக்கும். கீழே ஸ்க்ரீம் 4 டிஸ்டார்ஷன். இப்போது டேப் விசையைத் தட்டினால் ரேக் திரும்பி முதுகைக் காட்டுகிறது. அசையும் கேபிள்கள் தொங்குகின்றன. சப்ட்ராக்டரின் எல்எஃப்ஓ துளையிலிருந்து ஒரு கேபிளை இழுத்து ஸ்க்ரீமின் டேமேஜ் கட்டுப்பாட்டில் செருகினால் சுரம் நீள நீள உறுமல் ஏறி இறங்குகிறது. இப்படி வேண்டிய இடத்தில் கேபிள் செருகும் சுதந்திரம் க்யூபேஸிலோ லாஜிக்கிலோ இல்லை. ரீசனின் சாரம் இதுதான், அது சேதமில்லாமல் ப்ளகினுக்குள் வந்திருக்கிறது.

சுரங்கள் மட்டும் ஹோஸ்டின் மிடி டிராக்கிலேயே இருக்கின்றன. 33-ஆம் பாரில் நான்கு பார் விட்டால் அவையும் குரலோடு சேர்ந்து நகரும். ஒவ்வொரு டிராக்கிலும் ஒரு ரேக் என்று தனித்தனியாக ஏற்றலாம். கணினி திணறினால் கனமான ஒன்றை மட்டும் ஃப்ரீஸ் செய்யலாம். எஃப்எல்லில் கிக், பேஸ், பேட் எல்லாம் ஒரே ப்ளகினுக்குள் இருப்பதால் ஃப்ரீஸ் செய்தால் அத்தனையும் சேர்ந்தே உறையும்.

ரீசனின் வழியில் இழப்பு இல்லாமல் இல்லை. சீக்வென்சர் இல்லாததால் பழைய ரீசன் பாட்டின் சுரங்கள் ரேக் ப்ளகினுக்குள் ஒலிக்காது; பேட்ச்சாகச் சேமித்த வாத்தியங்களைத்தான் கொண்டுபோக முடியும், சுரங்களை மிடி கோப்பாகத் தனியே எடுக்க வேண்டும். மற்றவர்களின் விஎஸ்டி எதையும் ரேக் ப்ளகினுக்குள் ஏற்ற முடியாது. எஃப்எல் ப்ளகினுக்குள் அது முடியும். சொந்த நேரக்கோடு முற்றிலும் ஒழிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ரேக்கில் இருக்கும் ரெட்ரம் டிரம் மெஷினும் மேட்ரிக்ஸ் பேட்டர்ன் சீக்வென்சரும் தங்கள் பேட்டர்ன்களை உள்ளேயே வைத்திருக்கின்றன. ஆனால் அவை சின்னப் பேட்டர்ன்களாகச் சுற்றிச் சுற்றி ஓடுபவை. இந்தப் பாரில் இது, அந்தப் பாரில் அது என்று முழுப் பாட்டையும் அடுக்கிவைப்பவை அல்ல. அதனால் பாட்டின் அமைப்பு மாறினாலும் அவற்றால் பெரிய சேதம் வருவதில்லை.

விலை விஷயத்தில் ஒரு வரி போதும்: எஃப்எல்லை ஒருமுறை வாங்கினால் பின்வரும் பதிப்புகள் வாழ்நாள் முழுதும் இலவசம், ரீசனில் அப்படி இல்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பாட்டு நம் கையைவிட்டுப் போகும். மிக்ஸ் செய்பவரிடம் போகும், ஐந்தாறு ஆண்டு கழித்து மேடைக்காக மறுபடி திறக்கப்படும். அப்போது அந்தக் கணினியில் ரேக் இல்லாவிட்டாலும் சுரங்கள் க்யூபேஸ் டிராக்கில் கண்ணுக்குத் தெரியும்; வேறொரு சின்தசைசரைப் பூட்டிக் கேட்கலாம். எஃப்எல் இல்லாவிட்டால் ரிதம் என்று எதுவுமே இல்லை. அது ப்ளகினின் நிலைக்குள் அடைந்து கிடக்கும், ஹோஸ்டால் அதைப் பிரித்துப் படிக்க முடியாது. பெரிய மிக்சிங் ஸ்டுடியோக்களில் பலவும் ப்ரோ டூல்ஸை நம்பியிருக்கின்றன. அது ஏஏஎக்ஸ் ப்ளகின்களை மட்டுமே ஏற்கும், எஃப்எல் அந்த வடிவில் வருவதில்லை.

ஆகவே எஃப்எல்லை உள்ளே ஏற்றி வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வது இது. மெட்டு உருவாகும்வரை அதை அங்கேயே ஓடவிடுங்கள். பியானோ ரோலின் சுகத்தை விட வேண்டாம். பாட்டின் அமைப்பு முடிவானதும், 16 அவுட்டுகளையும் ஹோஸ்டில் ஒலி டிராக்குகளாகப் பதிவு செய்யுங்கள். முக்கியமான சுரங்களை மிடியாக எடுத்து ஹோஸ்டில் ஒரு டிராக்கில் ம்யூட் செய்து வையுங்கள். எஃப்எல் ப்ராஜெக்டைத் தனிக் கோப்பாகவும் ஒருமுறை சேமித்து, பாட்டின் மற்ற கோப்புகள் இருக்கும் அதே ஃபோல்டரில் போடுங்கள். அதன் பிறகு ப்ளகினை அணைத்துவிடலாம்.